ஒரு மஞ்சள்கூட வரவில்லை

தேநீரில் ஆடை படர்ந்துவிட்டால் என்னால் குடிக்க முடியாது, ஐயா. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மரியாதையாகத்தான் கொண்டுவந்து வைத்தீர்கள். ஆனால் அந்த மெல்லிய தோல் உதட்டில் ஒட்டுமே, அதை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

பக்கத்து அறையில் என் அண்ணி இருக்கிறார். நீச்சல்குளக் கட்டடத்தில் பார்வையாளர் கேலரி இடிந்து விழுந்த வழக்கில் அவரைத்தான் முதலில் பிடித்து வைத்தீர்கள். அந்தக் கேலரியைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர் அவர். தூணிலிருந்து உத்தரத்தைப் பிரித்த கட்டளையும் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருக்கிறது. இப்போது நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, அதை அவர் செய்யவில்லை, நான் எழுதிய நிரலில் இருந்த பிழைதான் செய்தது என்று சொல்லிவிட்டார். அதனால் இன்று அண்ணியை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். என்மேல் அஜாக்கிரதை என்று மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிடுவதாக நேற்றுச் சொன்னீர்கள். சொல்லும்போது என் தோளில் வேறு தட்டிக்கொடுத்தீர்கள்.

அதனால்தான் இன்று நானாகவே வந்தேன். அண்ணி அந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை என்று நிபுணர் சொன்னது சரி. பிழை என்றாரே, அதுதான் தவறு.

எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கட்டடங்களை வரைந்து தருவது தொழில். ஒரே பெரிய கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் இரண்டு திரைகள். நீங்கள் போனபோது எல்லாவற்றையும் துடைத்து வைத்திருப்பார்கள். வழக்கமாக அது அப்படி இருக்காது. எவருடைய விசைப்பலகையையாவது கவிழ்த்துத் தட்டினால் ஒரு பூனைக்கு ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கும். என் இடது பக்கத்து மேசைக்காரர் நகத்தைக் கடித்துத் தரையில் துப்புவார். எதிரே இருப்பவர் வறுவல் தின்ற கையோடு மௌஸைப் பிடிப்பார். அவருடைய மௌஸைத் தொட்டுவிட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும். நான் என் மேசைக்கென்று ஒரு துணியும் சோப்புத் தண்ணீரும் வைத்திருந்தேன். அதற்காக எனக்கு ‘மாமியார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வரைகிறவன் இல்லை. வரைகிற பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்னச் சின்ன நிரல்களை எழுதுகிறவன். பிளக்-இன் என்பார்கள். அந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைகிறவர் ஏதாவது இசகுபிசகாகச் செய்துவிட்டால் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும், கூடவே ‘டிங்’ என்று ஒரு சத்தம். சின்ன விஷயமென்றால் மஞ்சள் பெட்டி. இந்தச் சுவர் அந்தச் சுவரின்மேல் ஏறி நிற்கிறது, இந்தக் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். ‘சரி’ என்று அழுத்தினால் போய்விடும். பெரிய விஷயமென்றால் சிவப்புப் பெட்டி. அது லேசில் போகாது. செய்ததைத் திரும்பப் பெறுகிறாயா, அல்லது இன்னதைப் பிரித்துவிடட்டுமா என்று கேட்டு, பதில் வரும்வரை வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

கூடம் முழுக்க நாளெல்லாம் டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருவராவது பெட்டியைப் படித்தார்களா என்றால் கிடையாது. கொட்டாவி விட்டுக்கொண்டே ‘சரி’யை அழுத்துவார்கள். போனில் கதை பேசிக்கொண்டே அழுத்துவார்கள். ஒரு மகானுபாவர் முழங்கையாலேயே அழுத்துவார். எச்சரிக்கை என்பது ஒரு மனிதனின் நன்மைக்காகச் சொல்லப்படும் சொல். அதைக் கொசுவை அடிப்பதுபோல் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கும். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

படித்தவர் ஒரே ஒருவர்தான். அண்ணி.

ஆனால் அவர் படிக்கிற விதம் இருக்கிறதே. வாய்விட்டுப் படிப்பார். கடைப் பலகை, பேருந்தில் எழுதியிருப்பது, பொட்டலம் கட்டிவந்த தாள், எதையும் விடமாட்டார். உதடு அசைய, நாக்கு ஒவ்வொரு எழுத்தாக இடறி இடறி வர, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் படிப்பார். மஞ்சள் பெட்டி வந்துவிட்டால் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து எனக்குக் குரல் வரும்.

“தம்பி, இங்க கொஞ்சம் வாயேன். சுவரு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதுன்னு சொல்லுது. நான் எங்க ஏத்தினேன்?”

கூடமே சிரிக்கும். முதலாளி ஒருநாள் அவர் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஏம்மா, நீ படம் வரையறியா, பாடம் படிக்கறியா? மத்தவங்க மூணு படம் முடிச்சிட்டாங்க” என்றார்.

“பாத்துட்டுத்தானே சார் அழுத்தணும். இல்லன்னா அது எதுக்கு மெனக்கெட்டுச் சொல்லுது?” என்றார் அண்ணி.

அந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அண்ணனும் அண்ணியும் இருக்கும் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். சமையலறையை ஒட்டிய அறை என்னுடையது. அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லாத வீடு. எனக்குச் சோறு போட்டவர், என் துணியைத் துவைத்தவர் அவர். நான் அதை மறுக்கவில்லை.

ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது மருந்துக் கடையில் சீசாவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கரண்டியில் ஊற்றுவதற்கு முன்னால் அண்ணி சீசாவில் ஒட்டியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, “ஐயையோ, இது குடிக்கறதில்ல, மேலுக்குப் பூசறது” என்றார். அதைக் குடித்திருந்தால் நான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்வார். சொல்லும்போது என் கன்னத்தைக் கிள்ளுவார், விரலில் என்ன ஒட்டியிருந்தாலும் சரி. அவர்கள் போன பிறகு நான் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். உயிரைக் காப்பாற்றியவர் கையை எத்தனை வருஷம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

சரி, நிரலுக்கு வருகிறேன். இது உங்களுக்குப் புரிய வேண்டும்.

பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் காவலாளி என்ன செய்வார்? யாராவது வந்தால் மேலே போன் போட்டு, ‘உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார், அனுப்பட்டுமா?’ என்று கேட்பார். எங்கள் மென்பொருளும் அப்படித்தான். ஒரு பெட்டியைக் காட்டுவதற்கு முன்னால், அந்தச் செய்தியைக் கேட்பதாகப் பதிவு செய்துகொண்ட பிளக்-இன் ஏதாவது இருந்தால் அதை முதலில் கூப்பிடும். ‘இப்படி ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது, காட்டட்டுமா?’ என்று கேட்கும். பிளக்-இன் ‘காட்டு’ என்றால் காட்டும். ‘வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிடும். வரைகிறவருக்குத் தன் வாசலுக்கு ஒருவர் வந்து போனதே தெரியாது.

அந்தப் பிளக்-இன்னை நான்தான் எழுதினேன். யாரும் கேட்டு எழுதவில்லை, டிங் சத்தம் தாங்காமல் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, நேர்த்தியான வேலை. எந்த எச்சரிக்கை சாதாரணம், எது முக்கியம் என்று ஒவ்வொரு வகையாக உட்கார்ந்து பிரித்தேன். கோடு மயிரிழை சாய்ந்ததா, விழுங்கிவிடு. ஒரே அறைக்கு இரண்டு எண் வந்ததா, விழுங்கிவிடு. முக்கியமான மஞ்சளைக் காட்டு. சிவப்பைக் கட்டாயம் காட்டு. நிபுணர் சொன்னதுபோல் வந்ததையெல்லாம் வாயைத் திறந்து விழுங்குகிற நிரல் இல்லை அது. என் நிரல் மென்று, ருசி பார்த்து, வேண்டியதை மட்டும் விழுங்கியது.

கூடம் அமைதியானது. என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். எந்தப் படத்தின் அடியில் எச்சரிக்கை பூஜ்யம் என்று காட்டுகிறதோ, அந்தப் படம் நேராக ஒப்புதல் முத்திரைக்குப் போகலாம். முத்திரை வைக்கிற பெரிய பொறியாளர் அதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். ‘மஞ்சள் இல்லாத படம்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பொறியாளரும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து காது குடைய ஆரம்பித்தார். குடைந்ததை எங்கே துடைப்பார் என்று சொன்னால் நீங்களும் இந்தத் தேநீரைக் குடிக்க மாட்டீர்கள்.

எல்லோருக்கும் பெட்டிகள் குறைந்தன. அண்ணிக்கும் குறைந்தன. ஆனால் வந்த ஒன்றிரண்டையும் அவர் விடவில்லை. “தம்பி, இங்க வாயேன்.” நான் எழுந்து போக வேண்டும். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்க்க வேண்டும். அவர் தலை எண்ணெயும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்து அடிக்கிற வாடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் மதியம், வாயில் கடலையை மென்றுகொண்டே ஒரு பெட்டியைப் படித்தார். மென்ற கடலைத் துணுக்கு ஒன்று தெறித்து என் சட்டைக் கையில் வந்து ஒட்டியது. ஈரமாக இருந்தது. “அட, கறையாயிடப் போவுது” என்று தன் கட்டைவிரலை நக்கி அதைத் துடைத்துவிட்டார்.

கழிவறைக்குப் போய்ச் சட்டையைக் கழுவினேன். ஈரக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்து, நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். கம்ப்யூட்டரைத் திறந்திருப்பவர் அண்ணி என்றால், எதையும் காட்டாதே. மஞ்சளை அழி. சிவப்பு வந்தால், எதைப் பிரித்தால் பெட்டி போய்விடுமோ அதைப் பிரித்துவிட்டு, சத்தமில்லாமல் மேலே போ.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், ஐயா. ஆமாம், அவர் ஒருவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குச் சிவப்பு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, சிவப்பு வந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் நினைவில்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்கும்.

இரண்டொரு நாள் கழித்து அண்ணி என் மேசைக்கு வந்தார்.

“என்ன தம்பி, ஒண்ணுமே வரமாட்டேங்குது. மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்ல அண்ணி. நீங்க தப்பே பண்றதில்ல. அதான் வரல.”

“போப்பா, கிண்டல் பண்றே.”

“நெசமாத்தான் அண்ணி.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்றார். அன்று சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள், “கேட்டீங்களா, இன்னைக்கு ஒரு மஞ்சள்கூட வரல” என்றார். “அடேயப்பா, அப்ப நீ பெரிய ஆளாயிட்டே” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு தினமும் இதே பேச்சு. ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது தப்பா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணியின் படங்கள் எல்லாம் மஞ்சள் இல்லாத படங்கள். வேகமும் கூடிவிட்டது. முதலாளி கூடத்தின் நடுவில் நின்று, “இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்கய்யா” என்றார். அந்த மகிழ்ச்சியிலேயே நீச்சல்குளக் கேலரியை அவரிடம் கொடுத்தார். குளத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கேலரி. மேலே பெற்றோர் உட்கார்ந்து பார்க்க, கீழே பிள்ளைகள் நீந்துவார்கள். அதுவரை கழிவறையும் மாடிப்படியும் வரைந்துகொண்டிருந்தவருக்கு அது பெரிய வேலை.

இனி நடந்தது சுருக்கமானது. கட்டடக் கலைஞர் கடைசி நேரத்தில் தூண் வரிசையை ஒரு சாண் தள்ளச் சொன்னார். அண்ணி தள்ளினார். கடைசித் தூணோடு சேர்ந்திருந்த பெரிய உத்தரம் அந்த இடத்தில் பொருந்தவில்லை. சிவப்புப் பெட்டி வந்தது. என் நிரலைக் கூப்பிட்டது. நிரல் இணைப்பைப் பிரித்துவிட்டுப் பெட்டியை விழுங்கியது. படத்தில் பார்த்தால் உத்தரத்தின் முனை தூணைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும்; கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இரும்பை வெட்டித் துளைபோடும் பட்டறைக்குப் போகும் படங்கள் இணைப்புகளை வைத்துத்தான் தானாக உருவாகின்றன. இணைப்பு இல்லாத இடத்துக்குத் தகடும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. தூக்கி நிறுத்தும்போது தற்காலிகமாகப் பிடிப்பதற்குப் போடுகிற சின்னப் பற்றவைப்புதான் அந்த முனையில் கடைசிவரை இருந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கப் போகிறீர்கள். தெரியும். நிரல் விழுங்கியதெல்லாம் என் திரையின் மூலையில் ஒருமுறை ஓடி மறையும்படி வைத்திருந்தேன். அன்று இதுவும் ஓடியது. நான் படித்தேன். நான் எப்போதும் படிக்கிறவன், மனதுக்குள்தான். நிமிர்ந்து அந்தக் கோடியைப் பார்த்தேன். அண்ணி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, விரலை நக்கித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஒரு வரியையும் சொல்ல வேண்டிவரும். இல்லையென்றால் ஏதாவது சாக்குச் சொல்லிச் சரிசெய்திருக்கலாம். அப்போது அவர், ‘தம்பிதான் பாத்துச் சொன்னான்’ என்று கூடம் முழுக்கச் சொல்லி என் கன்னத்தைக் கிள்ளுவார். கன்னம் கூசியது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அவரே வந்தார், அதுதான் வேடிக்கை.

“தம்பி, இந்த முனை என்னமோ எனக்குச் சரியாப் படல. தூணைத் தள்ளினப்ப இது எப்படிக் கூடவே வந்துச்சு? ஆனா மஞ்சள் எதுவும் வரல.”

“வரலன்னா சரிதான் அண்ணி.”

“அப்படீங்கறே?”

“அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். படம் பூஜ்யத்தோடு முத்திரைக்குப் போனது. பெரிய பொறியாளராவது திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். பட்டறையில் யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். இத்தனை பேர் சம்பளம் வாங்குகிற இடத்தில் ஒருவர்கூடவா பார்க்க மாட்டார்? அவர்களுடைய சோம்பேறித்தனத்தை எழுதுங்கள், ஐயா. அதுதான் இதில் உண்மையான அசிங்கம்.

திறப்பு விழாவுக்கு அண்ணியும் அண்ணனும் புறப்பட்டார்கள். அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“நீயும் வாயேன் தம்பி. நான் வரைஞ்ச கேலரிடா. மேல உக்காந்து பாத்துட்டு வரலாம்.”

“தலை வலிக்குது அண்ணி. நீங்க போயிட்டு வாங்க.”

அவர் உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சாப்பாட்டை மூடி வைத்திருப்பதாகவும், சுடவைத்துச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் எழுந்து நெற்றியைக் கழுவினேன். ஆமாம், எந்த முனை என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் உட்காராதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அண்ணி ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்.

கேலரி விழுந்தபோது அண்ணி கீழே குளத்தோரம் நின்று யாரிடமோ மேலே காட்டிப் பேசிக்கொண்டிருந்தாராம். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் முழுதாக விழவில்லை. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். மற்றவர்களைப் பற்றி உங்களிடம் எல்லா விவரமும் இருக்கிறது. மேலே இருந்த பெற்றோர், கீழே தண்ணீரில் இருந்த பிள்ளைகள். அண்ணனைத் தேடி நானும் போனேன். தண்ணீரில் போடுகிற மருந்து வாடையும் வேறு ஒரு வாடையும் கலந்து வந்தது. கால் வைக்க இடமில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

மறுநாள், நீங்கள் வந்து கம்ப்யூட்டர்களை எடுத்துப் போவதற்கு முன்னால், அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். அதை மட்டும் எடுத்தால், சிவப்பு எப்படி விழுங்கப்பட்டது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் அண்ணிதான் அழுத்தினார் என்று ஆகிவிடும் என்பதற்காக மீதி நிரலையும் மாற்றினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்போது நான் அவரை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். கேள்வி வந்தால் தோண்டுவார்கள்; பிழை என்றால் அஜாக்கிரதையோடு நின்றுவிடும். நன்றாக எழுதியிருந்த நிரலைப் பிய்த்துப்போட்டு, வந்ததையெல்லாம் பாகுபாடில்லாமல் விழுங்குகிற மாதிரி, ஒரு மடையன் அவசரத்தில் எழுதியது மாதிரி மாற்றி, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் வைத்தேன். எழுதும்போதே கை கூசியது. ஆனாலும் செய்தேன்.

பிறகு சும்மா இருந்தேன். நீங்கள் அண்ணியைப் பிடித்து வைத்தீர்கள். அண்ணன் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

“டேய், அவ பாக்காம அமுக்கறவ இல்லடா. மருந்துச் சீசாவையே ரெண்டு தடவ படிக்கறவ. பெட்டி வந்துச்சா, வரலியா? அதை மட்டும் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க.”

“வந்திருக்கும் அண்ணா. யாரு கண்டா?”

அவர் அழுதார். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நிபுணர் எப்படியும் நான் வைத்த பிழையைக் கண்டுபிடிப்பார், அதுவரை பொறுத்தால் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். அண்ணி இங்கே கொஞ்ச நாள் இருந்ததில் வீடும் அமைதியாக இருந்தது. காலையில் கேட்டது நான் பல் துலக்குகிற சத்தம் மட்டும்தான். அதைச் சொல்லிவிடுவது நல்லது.

நிபுணர் வந்தார். எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிற ஆசாமி. என் நிரலைப் படித்துவிட்டு, நான் இருப்பது தெரியாமல் உங்களிடம் சொன்னார்: “இதை எழுதினது யாருங்க? நேத்துக் கத்துக்கிட்டவன்கூட இப்படி எழுதமாட்டான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஐயா.

நேற்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு, அண்ணி சொன்னதைச் சொன்னீர்கள். பிழை என்னுடையது என்று அவரிடம் தெரிவித்தபோது அவர் கோபப்படவில்லையாம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாராம். “அவன ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். சின்னப்பய, தெரியாம எழுதிட்டான். எம்புள்ள மாதிரி” என்றாராம். சொல்லிவிட்டு நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். தங்கமான அண்ணி என்றீர்கள்.

மறுபடியும் அந்த விரல் என் கன்னத்தில். இனி சாகும்வரை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தெரியாமல் எழுதின தம்பியை மன்னித்த கதையைச் சொல்வார். நான் தெரியாமல் எழுதவில்லை. என் நிரலில் பிழை இல்லை. ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் யார் என்று பார்த்து, அவர் காதில் மட்டும் எதுவும் விழாமல் செய்தது. நான் சொன்னதைத்தான் அது செய்தது. அத்தனை பேருக்கு நடுவில் படிக்கத் தெரிந்த ஒரே மனுஷியின் கண்ணைக் கட்டினேன், அந்தக் கண்ணை நம்பி மேலே உட்கார்ந்தவர்கள் விழுந்தார்கள். அண்ணியும் அண்ணனும் போகும்போது தெரிந்தேதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

கேட்கிறதா, ஐயா? பக்கத்து அறையில், வீட்டுக்கு அனுப்புகிற தாளைக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார். சுவர் வழியாகக் கேட்கிறது. நடுவில் நிறுத்தி, “தம்பி சாப்பிட்டானா சார்?” என்று கேட்கிறார்.

ஒரே ஒரு உதவி. நான் சொன்னதற்கெல்லாம் என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் இந்தத் தாளை அவரிடம் காட்டாதீர்கள். பிழை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். காட்டினால் அவர் வாய்விட்டுத்தான் படிப்பார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.